நரம்போடு ஒட்டிய கட்டி: கத்தி வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

கையிலோ காலிலோ கழுத்திலோ ஒரு உருண்டை தட்டுப்படுகிறது. அழுத்தினால் அந்த இடம் மட்டும் வலிக்காமல், விரல்நுனி வரைக்கும் சுர்ரென்று கரென்ட் ஓடுகிறது. அப்படி இருந்தால், "சாதாரணக் கொழுப்புக் கட்டிதான், அரை மணி நேர வேலை" என்று யார் சொன்னாலும் அன்றைக்கே கத்தி வைக்கச் சம்மதிக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

வேலூர் பக்கத்தில் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் பிசியோதெரபி டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. நரம்புகளைத் தொட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. முழங்கைக்குப் பின்னால், முழங்காலுக்கு வெளிப்புறம், காதுக்குக் கீழே கழுத்தில், கணுக்காலின் உட்புறம் என்று ஒவ்வொன்றாக விரலால் தேடி, எது தடித்திருக்கிறது, எது தொட்டால் வலிக்கிறது, எந்த விரலில் உணர்ச்சி போயிருக்கிறது என்று அட்டையில் குறித்து வைப்பேன். ஓய்வுக்குப் பிறகும் குடியாத்தம், பள்ளிகொண்டா, அணைக்கட்டு பக்கத்திலிருந்து யாராவது ஸ்கேன் கவரோடு வந்து, "அக்கா, இதுல என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று உட்காருவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது என்ன கட்டி

நரம்பு வெறும் இழை இல்லை. உள்ளே மெல்லிய இழைகள், அவற்றைப் போர்த்திய உறை, உறைக்கு மேல் உறை என்று அடுக்கடுக்காக இருக்கும். இழையை ஒட்டிப் போர்த்தியிருக்கும் செல்களுக்கு ஸ்வான் செல் என்று பெயர். 1830-களின் கடைசியில் அவற்றை விவரித்த ஜெர்மானியர் தியோடர் ஸ்வான் பெயரால் வந்தது. இந்த உறையிலிருந்து கிளம்புகிற கட்டிகளைத்தான் நரம்புறைக் கட்டிகள் என்கிறோம். அதிகம் பார்ப்பது இரண்டு: ஸ்வானோமா, நியூரோஃபைப்ரோமா. இரண்டுமே பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. பெரிநியூரியோமா, இரண்டு வகையும் கலந்த கலப்புக் கட்டி, கருநிறம் கொண்ட மெலனோட்டிக் வகை, புற்றுநோயான எம்பிஎன்எஸ்டி ஆகியவை அரியவை.

குடியாத்தத்துக்காரர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். தறியில் பாவு நூல்களுக்குப் பக்கத்தில் ஒரு கூழாங்கல் சிக்கினால் நூல்கள் ஒதுங்கி வழிவிடும். கல்லை எடுத்துவிட்டால் நூல் அறாது. ஸ்வானோமா அந்த மாதிரி. பாவுக்குள்ளேயே பஞ்சு வளர்ந்து ஒவ்வொரு நூலோடும் பின்னிக்கொண்டால் எடுக்கிறவர் நூலையும் சேர்த்து அறுக்க வேண்டிவரும். நியூரோஃபைப்ரோமா அது. வெளியிலிருந்து தொட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால்தான் எது என்று ஓரளவாவது தெரிந்துகொண்டு, நரம்பைக் காப்பாற்றத் தெரிந்த கையில் போய்ச் சேர வேண்டும்.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு விவசாயி. முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே, எலும்புக் குமிழுக்குப் பக்கத்தில் கோலிகுண்டு அளவுக் கட்டி. ஒரு சின்ன நர்சிங் ஹோமில் மரத்துப்போக ஊசி போட்டு வெட்டி எடுத்தார்கள். தையல் பிரிக்கும்போது பாதம் தொங்கிப்போயிருந்தது. மேலே தூக்க வரவில்லை. அந்த இடத்தில் எலும்பைச் சுற்றிக்கொண்டு போகிற நரம்புதான் பாதத்தை மேலே தூக்குவது. வெட்டி எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பவும் இல்லை, குப்பையில் போய்விட்டது. அது என்ன கட்டி என்பது இன்றைக்கும் தெரியாது. அவர் செருப்பில் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டு நடவு வயலில் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். ஒரு அல்ட்ராசவுண்டு எடுத்திருந்தால் நரம்பு தெரிந்திருக்கும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது

கட்டியை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, கையின் குறுக்காக அசைத்துப் பாருங்கள். பிறகு நீளவாக்கில், மேலும் கீழுமாக அசையுங்கள். நரம்போடு ஒட்டிய கட்டி குறுக்கே அசையும், நீளவாக்கில் அசையாது. நரம்பு இரண்டு பக்கமும் பிடித்து வைத்திருக்கிறது அல்லவா, அதுதான் காரணம். கொழுப்புக் கட்டி எல்லாப் பக்கமும் வழுக்கும். மணிக்கட்டில் வரும் நீர்க்கட்டி மூட்டோடு ஒட்டி நிற்கும்.

அடுத்து, நடுவிரலால் கட்டியின் மேல் மெல்லத் தட்டுங்கள். நரம்பு போகிற வழியில் சுர்ரென்று ஓடினால் அதை டினெல் அறிகுறி என்பார்கள். 1915-இல் அதை விவரித்த பிரெஞ்சு டாக்டரின் பெயர் அது. ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்; எண்ணெய் தேய்த்து உருவுவது, சூடு வைப்பது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம். சுர்ரென்று ஓடாவிட்டாலும் நரம்புக் கட்டி இல்லை என்று ஆகிவிடாது.

பிறகு உணர்ச்சி. கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லி, பால்பாயிண்ட் பேனாவின் நுனியால் ஒவ்வொரு விரலையும் உள்ளங்கையையும் பாதத்தையும் மெல்லத் தொடுங்கள். எங்கே தொட்டோம் என்று அவர் விரலால் காட்ட வேண்டும். நாங்கள் கிராமம் கிராமமாகப் போய்ச் செய்த சோதனை இதுதான். கூடவே பலம்: சுண்டுவிரலை வெளியே விரிக்கச் சொல்லித் தடுத்துப் பாருங்கள், கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து மேலே தூக்கச் சொல்லித் தடுத்துப் பாருங்கள், பாதத்தை மேலே மடக்கச் சொல்லித் தடுத்துப் பாருங்கள். மறுபக்கத்தோடு ஒப்பிட்டு ஒரு தாளில் தேதி போட்டு எழுதுங்கள். டாக்டருக்கு இந்தத் தாள் பெரிய உதவி. ஆபரேஷனுக்குப் பிறகு எது முன்பே இருந்தது, எது புதிதாக வந்தது என்று சொல்லவும் இந்தத் தாள்தான் சாட்சி.

அந்தத் தாளிலேயே இவற்றையும் சேருங்கள்: முதலில் எப்போது கண்ணில் பட்டது, அப்போது என்ன அளவு, இப்போது என்ன அளவு, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி உண்டா, முன்பு அந்த இடத்தில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தது உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா. போனில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். வளர்ச்சி தெரியும்.

இனி தோல். நல்ல வெளிச்சத்தில் உடம்பு முழுக்கப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் தட்டையான புள்ளிகள் ஆறோ அதற்கு மேலோ இருக்கின்றனவா? வயதுக்கு வருவதற்கு முன் 5 மில்லிமீட்டருக்கு மேல், வந்த பிறகு 15 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் கணக்கு. அக்குளிலும் தொடை இடுக்கிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் உண்டா? தோலில் மெத்தென்ற உருண்டைகள் பல உண்டா? இவை சேர்ந்து வந்தால் என்எஃப்1 என்கிற பரம்பரை நோயாக இருக்கலாம். ஏறக்குறைய 3000 பேரில் ஒருவருக்கு இருப்பது. பாதிப் பேருக்குப் பெற்றோரிடம் இல்லாமலே புதிதாக வரும்; வந்தவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. கண் டாக்டர் ஸ்லிட் லேம்ப் வைத்துப் பார்த்தால் கண்ணின் நிறப் பகுதியான ஐரிஸில் லிஷ் முடிச்சுகள் என்கிற சின்னப் புடைப்புகள் தெரியலாம். இது தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே படுக்கையில் படுக்கலாம். கல்யாணம் நின்றுபோகும் என்று பெண்ணின் முதுகைப் பெற்றவர்களே மறைத்து வைத்திருப்பதை இந்த ஜில்லாவில் நிறையப் பார்த்திருக்கிறேன். மறைக்கிற வருடங்களில்தான் பார்க்க வேண்டிய கட்டி பார்க்கப்படாமல் போகிறது.

நம் ஊரில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி

வட ஆற்காடு ஒரு காலத்தில் தொழுநோய் மிகுந்த ஜில்லா. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்றும் அறுவை சிகிச்சையை 1940-களின் கடைசியில் தொடங்கியதும், கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை 1955-இல் வந்ததும் அதனால்தான். இப்போது நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் இல்லாமல் போகவில்லை. அதனால் நம் பக்கத்தில் நரம்பில் ஒரு முடிச்சு என்றால் கட்டியா, தொழுநோயா என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

தொழுநோயில் நரம்பு பொதுவாக ஒரே உருண்டையாக இல்லாமல் நீளமாகத் தடிக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட நரம்புகள் தடித்திருக்கலாம். தோலில் நிறம் வெளுத்த அல்லது சிவந்த, தொட்டால் உணர்ச்சியில்லாத படை இருக்கும். கட்டியில் நரம்பின் ஒரு இடம் மட்டும் உப்பியிருக்கும். கட்டி சின்னதாக இருக்கும்வரை உணர்ச்சியும் பலமும் பெரும்பாலும் கெடாது. ஆனால் இரண்டையும் குழப்புகிற ஒன்று உண்டு. தோலில் படையே இல்லாமல் நரம்பை மட்டும் பிடிக்கிற தொழுநோயில், நரம்புக்குள்ளேயே சீழ்க்கட்டி உண்டாகலாம். தொட்டால் ஸ்வானோமா மாதிரியே இருக்கும். ஸ்கேனிலும் ஏமாற்றக்கூடும். ஒடுகத்தூர் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு முழங்கைக்கு மேல் அப்படி ஒரு முடிச்சு. கட்டி என்றே எல்லோரும் நினைத்தோம் என்றாலும், சுண்டுவிரல் மடங்க ஆரம்பித்திருந்தது. கட்டியின் அளவுக்கு அந்த நரம்பு இழப்பு அதிகம். அதை டாக்டரிடம் எடுத்துச் சொன்னோம். கடைசியில் தொழுநோய்தான். கூட்டு மருந்தும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும்.

கழுத்தில் வரும் கட்டிக்கு நம் பக்கத்தில் முதலில் நினைப்பது டிபி நெறிக்கட்டி. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கழுத்தெலும்புக்கு மேல் இருக்கும் கட்டியைத் தொட்டால் கைக்குள் சுர்ரென்று ஓடினாலோ, கழுத்தின் பக்கவாட்டில் உள்ள கட்டியை அழுத்தியதும் இருமல் கிளம்பினாலோ, ஊசி குத்துவதற்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். முன்னது கைக்குப் போகும் நரம்புக் கொத்து. பின்னது மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பு. காதுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு காதில் மட்டும் கேட்பது குறைந்துகொண்டே வந்தால், அல்லது ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தால், அழுக்கு எடுத்துச் சொட்டு மருந்து விட்டதோடு விடாமல் ஆடியோகிராம் எடுத்து, தேவையென்றால் எம்ஆர்ஐயும் எடுக்க வேண்டும். உள்காது நரம்பில் வருவதும் ஸ்வானோமாதான்.

யாரிடம் போவது

கை கால் கட்டிக்குக் கை அறுவை சிகிச்சை அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு, எலும்பு மற்றும் மென்திசுக் கட்டிகளைப் பார்க்கும் ஆர்த்தோ பிரிவு. முதுகு, கழுத்துக் கொத்து, தலை என்றால் நியூரோசர்ஜரி. நம் ஜில்லாவுக்கு இதில் கொடுப்பினை உண்டு. இந்தியாவின் முதல் நியூரோசர்ஜரி துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் சிஎம்சியில்தான் தொடங்கினார். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதலில் போய் அங்கிருந்து கடிதத்தோடு மேலே போகிறவர்களும் உண்டு. அதுவும் நல்ல வழிதான். சிஎம்சியில் நேரம் வாங்கினால் சீட்டில் டவுன் வளாகமா, ராணிப்பேட்டை வளாகமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பாழாகாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே கையில் வைத்திருங்கள். எந்தப் பரிசோதனை அதில் வரும், எது வராது என்று காப்பீட்டுக் கவுன்டரில் முன்கூட்டியே கேளுங்கள். படுக்கையில் சேர்ந்த பிறகு கேட்டால் அலைச்சல் அதிகம்.

டாக்டரிடம் உட்கார்ந்ததும் "கட்டி இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இதைத் தொட்டால் இந்த விரலுக்குச் சுர்ரென்று ஓடுகிறது, இது நரம்பிலிருந்து வருகிறதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு வரி பல பேருடைய வழியை மாற்றியிருக்கிறது.

ஸ்கேன்

முதலில் அல்ட்ராசவுண்டு. செலவு குறைவு, வலி இல்லை, நல்ல கருவியும் பழகிய கையும் இருந்தால் கட்டியின் இரண்டு முனையிலும் நரம்பு உள்ளே நுழைந்து வெளியே போவது திரையில் தெரியும். ரத்த ஓட்டமும் பார்ப்பார்கள். சீட்டில் "நரம்போடு தொடர்பு உண்டா" என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் கட்டியின் அளவை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது எம்ஆர்ஐ. இந்தக் கட்டிகளுக்கு இதுதான் முக்கியமான படம். சிடி ஸ்கேன் இதற்கு ஈடாகாது. போகும்போது தாலி, மெட்டி, வளையல், மூக்குத்தி, அரைஞாண் எல்லாம் கழற்ற வேண்டும். மெட்டி இறுகி வராமல் கடைசி நேரத்தில் அழுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே வீட்டில் சோப்புப் போட்டுக் கழற்றி வையுங்கள். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, மூளையில் ரத்தக்குழாய் கிளிப், கண்ணில் இரும்புத் துகள் பட்டது, கர்ப்பம் இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். வெல்டிங், லேத் வேலை செய்கிறவர்கள் கண்ணைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ரத்தக்குழாயில் ஊசி வழியாக மருந்து ஏற்றி எடுப்பதாக இருந்தால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். கட்டி சின்னதாக இருந்தால் அதன் மேல் எண்ணெய் நிரம்பிய ஒரு கேப்ஸ்யூலை ஒட்டிப் படம் எடுப்பார்கள், இடம் தெளிவாகத் தெரிய. உள்ளே சத்தம் பலமாக இருக்கும். மூச்சு முட்டுகிற பயம் உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் சில சொற்களைத் தேடிப் பாருங்கள். நரம்பு நுழைவதும் வெளியேறுவதும் தெரிகிறது என்று இருந்தால் கட்டி நரம்பைச் சேர்ந்தது. ஸ்பிளிட் ஃபேட் என்றால் கட்டியைச் சுற்றிக் கொழுப்பு மெல்லிய விளிம்பாக ஒதுங்கியிருக்கிறது. டார்கெட் சைன் என்றால் எம்ஆர்ஐயில் டி2 என்கிற வகைப் படத்தில் ஓரம் வெளிச்சமாகவும் நடு இருட்டாகவும் தெரிகிறது. புற்று அல்லாத பக்கம் சாய்கிற அடையாளம், ஆனால் சத்தியப் பத்திரம் இல்லை. நரம்பு கட்டியின் ஓரமாகப் போனால் ஸ்வானோமா, நடுவே போனால் நியூரோஃபைப்ரோமா என்று நினைப்பார்கள். எம்ஆர்ஐயை மட்டும் வைத்து இவ்விரண்டையும் அடித்துச் சொல்ல முடியாது.

நரம்புக் கடத்தல் பரிசோதனையும் சில சமயம் செய்வார்கள். அது நார்மல் என்று வந்தால் கட்டி நரம்பில் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்வானோமா இருந்தும் நார்மலாக வருவது சகஜம்.

எப்போது பயப்பட வேண்டும்

சில வாரங்களில், சில மாதங்களில் கண்ணுக்குத் தெரியும்படி வளர்வது. ஓய்வாக இருக்கும்போதும் ராத்திரியிலும் விடாத வலி. மெத்தென்று இருந்தது கல்லாக இறுகுவது. புதிதாக மரத்துப்போவது, பலம் குறைவது. 5 சென்டிமீட்டருக்கு மேல் அளவு. படத்தில் விளிம்பு தெளிவில்லாமல் இருப்பது, சுற்றிலும் நீர்கோத்திருப்பது, உள்ளே அழிந்த திசு. இவற்றில் எது இருந்தாலும் நாள் கடத்தாதீர்கள். என்எஃப்1 உள்ளவர்களுக்கு இரட்டிப்பு கவனம் தேவை. அவர்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எம்பிஎன்எஸ்டி வரலாம் என்பது கணக்கு. எம்பிஎன்எஸ்டி வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் என்எஃப்1 உள்ளவர்கள்தான். தோலுக்கடியில் நரம்பு நெடுகப் பல முடிச்சாகப் பரவும் பிளெக்சிஃபார்ம் வகையில் இருந்துதான் அது பெரும்பாலும் கிளம்பும். உடம்பெல்லாம் கட்டி உள்ளவருக்கு எதைச் சந்தேகப்படுவது என்று தெரியாதபோது, கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ரத்தத்தில் ஏற்றி எடுக்கும் பெட் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். சர்க்கரையை அதிகமாக இழுக்கிற கட்டியே சந்தேகத்துக்கு உரியது. ஊசி எங்கே குத்த வேண்டும் என்பதையும் அந்தப் படம் காட்டிக்கொடுக்கும்.

ஊசியும் சதைப் பரிசோதனையும்

படத்தில் தெளிவான ஸ்வானோமா என்றால் பல இடங்களில் ஊசி குத்தாமலே நேராக ஆபரேஷன் செய்து, எடுத்ததைப் பரிசோதிப்பார்கள். தொந்தரவு தராத சின்னக் கட்டியை எடுக்காமல் கவனித்து வருவதும் உண்டு. இரண்டுமே சரியான வழிதான். சந்தேகம் இருந்தால் சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். மெல்லிய ஊசியால் செல் உறிஞ்சும் எஃப்என்ஏசி இதற்குப் போதாது. ரிப்போர்ட்டில் கதிர் வடிவ (ஸ்பிண்டில்) செல்கள் என்று மட்டும் வந்து நிற்கும். அல்ட்ராசவுண்டு பார்த்துக்கொண்டே, தடித்த ஊசியால் நூல் மாதிரி சதையை எடுக்கும் கோர் பயாப்ஸி வேண்டும். குத்தும்போது நரம்பு வழியாகச் சுரீர் என்று வலி ஓடலாம்; சொல்லுங்கள், ஊசியை நகர்த்துவார்கள்.

இங்கே நான் மிகவும் வற்புறுத்துவது ஒன்று: கடைசி ஆபரேஷன் செய்யப் போகிறவர் பார்த்துத் தீர்மானித்த பிறகே பயாப்ஸி நடக்கட்டும். புற்றுநோயாக இருந்தால் ஊசி போன தடத்தையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும். ஒரு ஊரில் குத்தி, இன்னொரு ஊரில் வெட்டுவதாக இருந்தால் தடம் தவறான இடத்தில் இருக்கும்.

எடுத்த சதையை என்ன செய்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 10 சதவீத ஃபார்மலினில், சதையின் அளவைப்போல் பத்து மடங்கு திரவத்தில் போட வேண்டும். தண்ணீரிலோ சலைனிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு உங்கள் கையில் கொடுத்து லேபுக்குக் கொண்டுபோகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாட்டிலில் பெயர், வயது, எந்தப் பக்கம், எந்த இடம் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

ஸ்வானோமா ரிப்போர்ட்டில் அன்டோனி ஏ, அன்டோனி பி என்று இருக்கும். செல்கள் நெருக்கமாக உள்ள பகுதியும் தளர்வாக உள்ள பகுதியும். வெரோகே பாடி என்றால் செல்கருக்கள் வரிசை கட்டி நிற்கும் அமைப்பு. பிறகு ஐஎச்சி என்கிற சாயப் பரிசோதனை. எஸ்-100, சாக்ஸ்10 என்கிற சாயங்கள் இரண்டும் கட்டி முழுக்கப் பலமாகப் பிடித்தால் ஸ்வானோமா. நியூரோஃபைப்ரோமாவில் எஸ்-100 சில செல்களில் மட்டும் பிடிக்கும், சிடி34-உம் பிடிக்கும். பெரிநியூரியோமாவில் எஸ்-100 பிடிக்காது. இஎம்ஏ, க்ளாடின்-1, க்ளட்-1 பிடிக்கும். எம்பிஎன்எஸ்டியில் எஸ்-100 அங்கங்கே மட்டும் பிடிக்கும் அல்லது அறவே பிடிக்காது. எச்3கே27எம்இ3 என்ற சாயம் மறைந்துபோயிருந்தால் அது வலுவான தடயம், மறையாவிட்டாலும் புற்று இல்லை என்று சொல்ல முடியாது.

இவ்வளவு ஏன் எழுதுகிறேன் என்றால், அரிய கட்டிகளில் பெயர் மாறிப்போவது சாத்தியம். பல வருடம் உடம்பில் இருந்த பழைய ஸ்வானோமாவில் செல்கருக்கள் கோணல்மாணலாகத் தெரியும். செல் நெருக்கமான வகையில் பிரிகிற செல்களும் தெரியும். பார்த்தால் புற்று மாதிரி இருக்கும், ஆனால் இல்லை. மறுபக்கம், கருநிற மெலனோட்டிக் வகையை முன்பு சாதுவானது என்றே எண்ணினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாட்டில் அதன் பெயரிலேயே புற்று என்ற சொல் சேர்ந்துவிட்டது. அது கார்னி தொகுப்பு என்ற பரம்பரை நிலையோடு சேர்ந்து வரலாம் என்பதால் இதயத்துக்கு எக்கோவும் எடுப்பார்கள். ஆகவே ரிப்போர்ட்டில் "சந்தேகம்", "தீர்மானிக்க இயலவில்லை", "புற்று" என்று எது வந்தாலும், இந்த வகைக் கட்டிகளை அடிக்கடி பார்க்கும் பெத்தாலஜிஸ்ட் ஒருவர் இரண்டாவது முறை பார்க்கட்டும். அதற்கு ரிப்போர்ட் காகிதம் போதாது. மெழுகில் பதித்த பிளாக்கும் ஸ்லைடும் வேண்டும். ரிப்போர்ட்டில் உள்ள பயாப்ஸி எண்ணைச் சொல்லி லேபில் எழுதிக் கொடுத்தால் கொடுப்பார்கள். வேலூரிலோ சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ காட்டுவதற்கு அதை வெயில் படாமல், மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைக்காமல் கொண்டுபோங்கள். மெழுகு உருகும்.

பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிற ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டுக்கு மேல் கட்டி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மதமதத்து, இலை நழுவ ஆரம்பித்திருந்தது. நீர்க்கட்டி என்று ஊசியால் உறிஞ்ச இருந்தார்கள். "நீ முதலில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வா, கண்ணு" என்றேன். மீடியன் என்கிற நடு நரம்பில் ஸ்வானோமா. உறையைத் திறந்து, இழைகளை ஒதுக்கிக் கட்டியை மட்டும் எடுத்தார்கள். ரிப்போர்ட் எஸ்-100 பலமாக என்று வந்தது. விரலில் உணர்ச்சி மெல்ல மெல்லத் திரும்பியது. இப்போது பழையபடி சுற்றுகிறாள்.

என்எஃப்1 என்று தெரிந்தவர்கள் கட்டி எடுத்ததோடு முடிந்தது என்று இருக்க வேண்டாம். வருடம் ஒருமுறை முழு உடல் பரிசோதனை, ரத்த அழுத்தம், குழந்தைகளுக்குக் கண் பரிசோதனையும் முதுகெலும்பு வளைகிறதா என்பதும். ஆபரேஷன் செய்ய முடியாத பிளெக்சிஃபார்ம் கட்டி உள்ள குழந்தைகளுக்கு செலுமெடினிப் என்ற மாத்திரைக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உங்கள் குழந்தைக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கலாம். இரண்டு காது நரம்பிலும் கட்டி, அல்லது உடம்பில் பல ஸ்வானோமா என்றால் அது வேறு பரம்பரை நிலை. மரபணு ஆலோசனைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

கவனித்து வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் அடுத்த எம்ஆர்ஐயை முடிந்தவரை அதே மருத்துவமனையில் எடுங்கள். பழைய எம்ஆர்ஐ படங்கள் பதிந்த சிடி வட்டைக் கையோடு கொண்டுபோங்கள், காகித ரிப்போர்ட்டை மட்டும் அல்ல. முன்படத்தையும் பின்படத்தையும் பக்கத்தில் வைத்து அளந்து எழுதச் சொல்லிச் சீட்டிலேயே குறிப்பு வாங்குங்கள்.